குழாய்க்குள் ஒரு குண்டு

என் கடையில் இருந்த மூக்குக்கண்ணாடிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம். காலையில் தெருவைப் பார்க்க அடுக்கி வைத்தால், சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கண்ணாடித் தட்டின் மேல் அவை மெள்ள மெள்ள நகர்வதை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், மூக்குக்கண்ணாடி நகராதா? அடி வந்தது பக்கத்துச் சுவரிலிருந்து. சுவருக்கு அந்தப் பக்கம் லாண்டரி.

லாண்டரி கீழே, வீடு மேலே. நடத்தியவர்கள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள்தான் பிழைப்பு. விடிந்தால் வண்டி வந்து அழுக்கு மூட்டையை இறக்கும், பொழுது சாய்ந்தால் மடித்த மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும். துவைக்கிற மெஷின் சாது. வம்பெல்லாம் பிழிகிற மெஷினோடுதான். உள்ளே ஓட்டை ஓட்டையாகப் பெரிய இரும்பு அண்டா. ஈர விரிப்பைப் போட்டு மூடினால் அண்டா சுழன்று தண்ணீரை விசிறித் தள்ளும். விரிப்பு ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால் போச்சு. வேகம் ஏறும்போது ஒரு கட்டத்தில் பேய் பிடித்த மாதிரி குதிக்கும். அதைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். நிற்கப் போகும்போது அதே கட்டத்துக்குத் திரும்பி வந்து இன்னொரு ஆட்டம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது.

அக்கா கையில் இருந்தவரை அது ஓரளவு அடங்கித்தான் கிடந்தது. லாண்டரிக்காரியை நான் அக்கா என்பேன். அவள் என்னைக் கண்ணாடி என்பாள். அவள் விரிப்புகளை அண்டாவுக்குள் வீசமாட்டாள். சுற்றிலும் சமமாக, கூடையில் முட்டை அடுக்குகிறவள் போல அடுக்குவாள். அடுக்கும்போது பேசுவாள். எந்த வார்டு விரிப்பில் என்ன கறை, எந்த நர்சுக்குக் கல்யாணம், என் கடையில் ஏன் கூட்டம் இல்லை, எல்லாம் பேசுவாள்.

அவள் புருஷனைத் தெருவே ஸ்பானர் என்றுதான் கூப்பிட்டது. நான் மட்டும் மரியாதைக்கு அண்ணன் சேர்த்துக்கொள்வேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர். கதவுக் கீல், சைக்கிள் சக்கரம், என் கடை நாற்காலி, எது லொடலொடவென்றாலும் அவர் கண்ணுக்கு ஆகாது. முறுக்கிவிட்டுத்தான் மறுவேலை. அவருடைய வாயையும் யாரோ அப்படியே முறுக்கி வைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

மழை பிடித்த சமயத்தில்தான் வினை ஆரம்பித்தது. மொட்டை மாடியில் துணி உலர்த்த வழியில்லாததால் பிழிகிற மெஷின் நாள் முழுக்க ஓடியது. ஒரு நாள் மூட்டையை எடுக்கக் குனிந்த அக்கா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உலகமே சுற்றுகிறது என்றாள். காதுக்குள் கோளாறு, அதனால்தான் தலைசுற்றல், குனியக் கூடாது, நிமிரக் கூடாது, அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். அசையாமல் படுக்கலாம்தான். படுக்கிற வீடு அசையாமல் இருக்க வேண்டுமே.

அவள் மாடியில் படுத்ததும் அண்டாவில் துணி போடும் வேலை அண்ணனுக்கு வந்தது. அவருக்கு அடுக்கத் தெரியாது, திணிக்கத் தெரியும். மெஷின் குதித்தது. மாடித் தரை நடுங்கியது. கட்டிலில் கிடந்தவளுக்குப் படகில் கிடக்கிற மாதிரி இருந்ததாம். தலைசுற்றல் அதிகமானது, அதனால் அவளால் கீழே இறங்க முடியவில்லை, அதனால் அண்ணனே திணித்தார், அதனால் மறுபடி குதித்தது. அப்புறம் அவர் தன் புத்தியைக் காட்டினார். மெஷின் கால்களுக்கு அடியில் இருந்த ரப்பர் கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சிமெண்ட் தரையைத் துளைத்து, கட்டைவிரல் தடிமன் போல்ட் போட்டு மெஷினைத் தரையோடு தரையாக முறுக்கினார். மெஷின் குதிப்பதை நிறுத்தியது. வீடு குதிக்க ஆரம்பித்தது.

அன்றைக்குத்தான் அக்கா மாடிப்படியில் உருண்டாள். என் கடை வரை கேட்டது. நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். நெற்றி வீங்கி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் கிடந்தாள். அண்ணன் அவளைத் தூக்கி உட்கார வைத்தார். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய் அந்த போல்ட்டுகளை மறுபடி முறுக்க ஆரம்பித்தார். நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்பானரைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் அவள் தங்கை புருஷன் காரோடு வந்தார். அண்ணனுக்கு அவர் சகலை. தெருவில் எல்லோருக்குமே அவர் சகலைதான். அக்கா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள். அண்ணன் வாசலில் நின்று கார்க் கதவை மூடிவிட்டு, கைப்பிடி லூசாக இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதியம் நானும் அவளும் அயர்ன் மேஜையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். ரொட்டியும் பொரித்த முட்டையும் என்றாலும் அவள் பேச்சோடு சேர்ந்தால் விருந்து. இப்போது தனியாகச் சாப்பிட்டேன், பாதியில் எழுந்து தெருவைப் பார்த்தேன், திரும்பிய கண்ணாடிகளை நிமிர்த்தினேன், மறுபடி எழுந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் அதே மாதிரிதான். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

அவர்கள் மகள் வெளியூரில் ஒரு வண்டிக் கம்பெனியில் வேலை. வண்டியை ஓட்டி எங்கே நடுங்குகிறது என்று பார்த்து அதை அடக்குவதுதான் வேலையே. கழுதை வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். லீவு போட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல் மெஷின் காலடியில் குந்திப் பார்த்தாள்.

"அப்பா, இத ஏன் தரையோட கட்டுனீங்க?"

"குதிச்சுது."

"குதிச்சா? இப்ப வீடு குதிக்குது. ஆட்டம் எங்கயும் காணாமப் போகாதுப்பா. அதை எங்கயாச்சும் செலவழிக்கணும். நீங்க அதை அப்படியே சுவத்துக்குள்ள அனுப்பி வெச்சிருக்கீங்க."

"இன்னும் ரெண்டு போல்ட் போட்டா?"

"சித்தி கடை குதிக்கும்."

அவளுக்கு நான்தான் சித்தி. "ஏற்கெனவே குதிக்குதுடி" என்றேன்.

போல்ட்டுகளைக் கழற்றி ரப்பர் கட்டைகளைத் திரும்ப வைத்தாள். அது பாதி வைத்தியம். மீதிக்கு ஒரு நீளமான எஃகுப் பட்டையை மெஷினின் பக்கவாட்டில் மாட்டி, அதன் நுனியில் எடை கட்டினாள். விரிப்புகளைப் போட்டு ஓட்டினோம். அதிசயம்! மெஷின் நிற்கிறதா ஓடுகிறதா என்றே தெரியவில்லை, பட்டை மட்டும் மீன் வால் மாதிரி அடித்துக்கொண்டது. நான் கைதட்டினேன். அடுத்து கம்பளிகளைப் போட்டோம். கம்பளி தண்ணீரைக் குடித்தால் எருமைக் கனம் கனக்கும். இப்போது பட்டை கல்லுப்பிள்ளையார் மாதிரி சும்மா நின்றது, மெஷின் முன்னைவிட மோசமாக உதறியது.

"என்னடி இது, பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுது?"

"அது ஒரே ஒரு தாளத்துக்குத்தான் ஆடும் சித்தி. அந்தத் தாளம் வந்தா ஆட்டத்தை அது வாங்கிக்கும். எடை மாறிச்சு, தாளம் மாறிச்சு, கண்டுக்காம நிக்கும். சில நேரம் கூடச் சேர்ந்து ஆட்டியும் விடும்."

"நம்ம சொந்தக்காரங்க சில பேரு இப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். அம்மா தங்கச்சி வீட்டு மாடியில் ஒரு அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறாள், அங்கேயே தங்கிவிடுகிற யோசனை என்று அப்போதுதான் சொன்னாள். அண்ணன் காதில் விழுந்திருக்கும். அவர் ஒரு வாளியின் கைப்பிடியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் பாப்பா லேத்துப் பட்டறைக்குப் போய் இரண்டு தடித்த இரும்புக் குழாய்களோடு வந்தாள். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கனத்த இரும்புக் குண்டு. இரண்டு முனையிலும் திருகு மூடி. மெஷினின் மேல்விளிம்பில் ஒன்றைக் குறுக்கே மாட்டினாள், ஒன்றை நெடுக்கே மாட்டினாள். குழாயை மாட்டும் போல்ட்டுகளை அண்ணன் ஆசை தீர முறுக்கினார்.

"குண்டை எதோட கட்டணும்?" என்று கேட்டார்.

"எதோடயும் கட்டக் கூடாது."

"கட்டாம?"

"உள்ள சும்மா உருளும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டிருக்கேன்ல, அந்த இடத்துலதான் எல்லாமே நடக்கப் போகுது."

"லூசா விடுறதா?"

"லூசா விடுறதுதான்ப்பா வேலையே. இதுக்குன்னு தனியா ஒரு தாளம் கிடையாது. மெஷின் என்ன தாளம் போட்டாலும் அதுக்கேத்த மாதிரி ஓடிப்போய் மூடியில முட்டும். முட்ட முட்ட ஆட்டம் செத்துப்போகும். சின்ன ஆட்டம்னா எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. பெருசா வந்தாத்தான் எழும்பும்."

பொய் சொல்லவில்லை, அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது. வாழ்நாள் முழுக்க எதைத் தேடித் தேடி ஒழித்தாரோ அதையே கொண்டுவந்து அவர் மெஷின் தலையில் மகள் மாட்டியிருக்கிறாள்.

ஓட்டினோம். வேகம் ஏறுகிறவரை சத்தமில்லை. பேயாட்டக் கட்டம் வந்தது. டக் என்றது. டக், டக். அப்புறம் டடக் டடக் டடக் என்று, தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். பல் கூசியது. ஆனால் மெஷின் ஒரு தடவை தோளைக் குலுக்கிவிட்டு அப்படியே கடந்து போய்விட்டது. கம்பளி போட்டோம். பாதி அண்டா போட்டோம். வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரு பக்கமாகக் குவித்தும் போட்டோம். நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். மேலே கட்டிலுக்குப் பக்கத்து முக்காலியில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தோம். அதில் லேசாக ஒரு வளையம் எழும்பி அடங்கியது, அவ்வளவுதான்.

"இந்தச் சத்தத்த நிறுத்த முடியாதா?" என்றார் அண்ணன்.

"சத்தம் வந்தா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். சத்தம் இல்லன்னாத்தான் பயப்படணும்."

லீவு முடிந்து கிளம்பும்போது பாப்பா அப்பாவின் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாள்.

"இத வெச்சுக்கிட்டு அந்தக் குழாய்கிட்டப் போகக் கூடாது. தொட மாட்டேன்னு சொல்லுங்க."

"ம்."

"ம் இல்ல. வாயத் திறந்து."

"தொட மாட்டேன்."

அக்காவைப் போனில் கூப்பிட்டது நான். அவள் நம்பவில்லை. "கூப்பிட வேண்டியவரு வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள். நான் போனை அண்ணன் கையில் திணித்தேன். அவர் அதைக் காதில் வைத்தார்.

"ம்... ரப்பர் போட்டாச்சு. மெஷின் நல்லா இருக்கு."

போன் என்னிடமே திரும்பி வந்தது.

"மெஷினோட சவுக்கியத்தைக் கேக்கவா நான் வரணும்?" என்றாள் அக்கா. அப்புறம் சொன்னாள்: "வர்றேன் கண்ணாடி. உனக்காக வர்றேன். மேல படுத்துப் பார்ப்பேன். தரை ஆடுச்சு, திரும்பி வண்டியில ஏறிடுவேன். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

அவள் வந்த அன்று மழை கொட்டியது. சகலை காரை வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு எஞ்சினை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார். அக்கா போன நாளிலிருந்து அவர் வீட்டில் அவருக்கே இடமில்லை என்று தங்கை சொல்லியிருந்தாள். அவர் செருப்பு வைக்கும் இடத்தைக்கூட அக்கா மாற்றிவிட்டாளாம். கார்க் கண்ணாடியை இறக்கி என்னிடம் கெஞ்சும் குரலில் கேட்டார். "மெஷின் ஆடாதுல்லம்மா? நிச்சயமா ஆடாதுல்ல?"

"ஆடாது சகலை. நானே பார்த்தேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் புது விரிப்பு, சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்தாள். படுத்தாள். முக்காலியில் தம்ளர் தளும்ப நின்றது. நான் படிக்கு வந்து, "போடுங்கண்ணா" என்று கத்தினேன்.

கீழே மோட்டார் முனகியது. வேகம் ஏறியது. நான் அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தேன். டக் வரவில்லை. சத்தமே இல்லை. தம்ளரில் தண்ணீர் நடுங்கியது, விளிம்பில் வழிந்தது, தம்ளரே முக்காலியில் நகர ஆரம்பித்தது. ஜன்னல் கம்பிகள் கிணுகிணுத்தன. அக்கா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கினாள். அவள் உதடு வெளுத்தது. தம்ளர் விழுந்து உருண்டது.

"நிறுத்துங்க!" என்று நான் அலறினேன். நிற்கும்போது வந்த ஆட்டம் இன்னும் மோசம்.

வீடு அடங்கியதும் அக்கா எழுந்தாள். என் கையை உதறினாள். படிக்கு வந்து, நின்று இறங்கப் பயந்து, உட்கார்ந்துகொண்டாள். குழந்தை இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்கினாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கீழே அண்ணன் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன முறுக்குனீங்க?" என்றாள் அக்கா, கடைசிப் படியில் உட்கார்ந்தபடி.

"ஒண்ணும் முறுக்கல."

"முப்பது வருஷமா உங்க மூஞ்சியப் பார்க்கிறேன். என்ன பண்ணீங்க?"

அவர் ஸ்பானரை எடுத்துக் குழாயின் மூடியைத் திருகினார். உள்ளே கையை விட்டு இழுத்தார். ஆஸ்பத்திரித் துண்டு ஒன்று வந்தது. இன்னொரு துண்டு வந்தது. குண்டைக் குழந்தைக்குச் சுற்றுகிற மாதிரி சுற்றி, இரண்டு பக்கமும் அடைத்து வைத்திருந்தார். அடுத்த குழாயிலும் அப்படியே. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஊதுகிற சங்கின் வாயைத் துணியால் அடைத்துக் கெடுத்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"லொடலொடன்னு ஒரே சத்தம்" என்றார். "தலைசுத்துறவளுக்கு ஆகாதுன்னு நெனச்சேன். நீ தூங்கணும்னு நெனச்சேன்."

"சத்தம் ஆகாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? ஆட்டம் ஆகாதுன்னுதானே சொன்னேன்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? எதையாச்சும் கேட்டிருக்கீங்களா? நெனச்சீங்களாம், நெனச்சீங்களாம்! ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னான்?" அவள் குரல் ஏறியது. "தரை ஆடுனதுக்காகவா நான் வீட்டை விட்டுப் போனேன்? இங்கதான விழுந்து கெடந்தேன்? இதே படியிலதான? நீங்க என்ன பண்ணீங்க? சொல்லுங்க, கண்ணாடி கேக்கட்டும். போய் போல்ட்டை முறுக்குனீங்க! எனக்கு மண்டை வீங்கிக் கெடக்கு, உங்களுக்கு போல்ட்டு!"

அண்ணன் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் நகரலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"செத்துட்டேன்னு நெனச்சேன்" என்றார்.

"யாரு?"

"நீ. தூக்கும்போது கண்ணே திறக்கல. அப்புறம் திறந்த. அதுக்குள்ள எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. நிக்கவே மாட்டேங்குது. நீ பார்த்தா பயந்துருவேன்னு உள்ள போயிட்டேன். எதையாச்சும் கெட்டியாப் பிடிச்சாத்தான் நின்னுச்சு." அவர் ஸ்பானரைப் பார்த்தார். "நீ போனப்புறமும் அது நிக்கல. நைட்டுல கூட நடுங்குது. யார்கிட்டச் சொல்றது?"

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பானர் அதில் லேசாக ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"எங்கிட்டத்தான் சொல்லணும்" என்றாள். "வேற யாருக்குச் சொல்வீங்க, சகலைக்கா?"

பேர் சொன்னது கேட்ட மாதிரி வெளியே ஹாரன் அடித்தது.

அவள் படியில் கையூன்றி எழுந்தாள். மெஷினைப் பிடித்துக்கொண்டு, குண்டைத் தன் விரலாலேயே தள்ளி உருளுகிறதா என்று பார்த்தாள். "மூடுங்க. ரொம்ப முறுக்கி வெச்சுடாதீங்க, நாளைக்கு நான் திறந்து பார்ப்பேன்." அண்டாவுக்குள் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். "இதென்ன அடுக்கி வெச்சிருக்கிற லட்சணம்? கண்ணாடி, அந்த நாற்காலியை இப்படிப் போடு. நான் குனியக் கூடாது. நீங்க எடுத்துக் குடுங்க, நான் அடுக்கறேன்."

அவர் ஈர விரிப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். அவள் உட்கார்ந்தபடியே வாங்கி, சுற்றிலும் அடுக்கினாள். மூடினார்கள். நான் தம்ளரைத் தேடி எடுத்து, தண்ணீர் நிரப்பி மாடிக்கு ஓடினேன். டக் என்றது. டடக் டடக் என்று ஆரம்பித்தது. தம்ளரில் ஒரு வளையம் எழும்பி, விளிம்பைத் தொடாமலே படுத்துக்கொண்டது.

நான் கீழே வந்தபோது ஹாரன் மறுபடி அடித்தது, விடாமல் அடித்தது. அக்கா மெஷின் மேல் ஒரு கையை வைத்தபடி அண்ணனைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன?" என்றார் அண்ணன், காதில் கையை வைத்து.

"அவரைப் போகச் சொல்லுங்க!"

"என்னது?"

குண்டு டடக் டடக் என்று அடித்தது. அக்கா மூச்சை இழுத்தாள். தலைசுற்றலாவது ஒன்றாவது, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"நான் வரல! எம் புருஷனை விட்டுட்டு வரல! சகலையைப் போகச் சொல்லுங்க!"

தெருவுக்கே கேட்டது. எதிர்க்கடைக்காரர் குடையோடு எட்டிப் பார்த்தார். ஹாரன் பட்டென்று நின்றது. கார்க் கதவு திறந்தது. சகலை மழையில் நனைந்தபடி ஓடிவந்து, அக்காவின் பையை வாசற்படிக்கு உள்பக்கமாக வைத்துவிட்டு, அவள் மனசு மாறுவதற்குள் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.